முந்நூறு கஜத்தில் ஐந்து மில்லிமீட்டர்

11 மார்ச் 2024
தெற்குத் தீவு, நியூசிலாந்து

பாஷா அவர்களுக்கு,

வணக்கம். முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு தாளை மாற்றிவிட்டேன். ஐந்து வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் திடீரென்று அன்பை நீட்டினால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் போனில் ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷத்தில் நாம் 2019-க்குப் போய்விடுவோம். அளவு மீறியது என்று நான் நிறுத்தி வைத்திருந்த ஆயிரத்து இருநூறு இன்ஜின் வால்வு கைடை, நான் அரை நாள் லீவு போட்ட மத்தியானம் பார்த்து, என் பெயருக்கு முன்னால் 'ஃபார்' போட்டு நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பியது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதை இந்தக் கடிதத்தில் இதற்கு மேல் பேசப்போவதில்லை.

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். இங்கே பால் பவுடர் ஃபாக்டரியில் வேலை, வீட்டுக்காரர் பரந்தாமன் பஸ் ஓட்டுகிறார், ஊரில் மொத்தம் எட்டாயிரம் பேர். பொழுது போகவில்லை என்று போன வருஷம் ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். சிரிக்காதீர்கள். லைசென்ஸ் பரீட்சை எழுதி, போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, எல்லாம் முறைப்படி. முந்நூறு கஜத்தில் படுத்துக்கொண்டு சுட வேண்டும். ஐந்து மார்க் வட்டத்தின் அகலம் நூற்று நாற்பது மில்லிமீட்டர். பத்துக் குண்டு, ஐம்பது மார்க். செப்டம்பர் 22-ஆம் தேதி கிளப் அணிக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு அந்த ஆறில் ஒன்று வேண்டும். இப்போதைக்கு நான் முப்பத்தாறு, முப்பத்தேழைத் தாண்டுவதில்லை.

இங்கே தோட்டாவை அவரவரே கட்டிக்கொள்கிறார்கள். சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, சீராக்கி, அடியில் தீப்பொறி தட்டுகிற புது ப்ரைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, நுனியில் குண்டைப் பொருத்த வேண்டும். முழுக்க நம் வேலை, பாஷா. கேஜ் ரூமில் உட்கார்ந்து உதிரிபாகம் அளந்து இருபத்தைந்து வருஷம் நாம் செய்தது இதைத்தானே. அப்படி இருந்தும் என் ஓட்டைகள் சிதறுகின்றன. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

ராஜகுமாரி


4 ஏப்ரல் 2024
பூந்தமல்லி

ராஜகுமாரி மேடம் அவர்களுக்கு,

கடிதத்தைப் போஸ்ட்மேன் கொடுத்தபோது வீட்டுக்காரி லத்தீஃபாதான் வாங்கினாள். வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, "யாரு, உங்க ராஜி மேடமா? அவங்க இன்னும் கோவமாத்தான் கீறாங்களா?" என்று கேட்டாள். காரியத்துக்காகக் கோபத்தை ஓரமாக வைத்திருக்கிறார்கள் என்றேன்.

சிரிக்கக் கூடாது என்றீர்கள். சிரிக்கவில்லை. நான் இங்கே மாடிப்படி ஏறினாலே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். நீங்கள் படுத்துக்கொண்டு முந்நூறு கஜம் சுடுகிறீர்கள். அன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருத்தர் இப்படி ஆனதில் எனக்குப் பெருமைதான். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. நம்ம ஊரில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா கட்டினால் அடுத்த நாள் ஸ்டேஷனில் உட்கார வேண்டியதுதான். ஆனால் ஓட்டை என்றால் தெரியும். நீங்கள் சுட்ட பேப்பரையே அனுப்புங்கள். போட்டோ வேண்டாம், போட்டோவில் அளவெடுக்க முடியாது. உங்கள் தோட்டாவையே வேறு கை தேர்ந்த ஆள் மேஜை மேல் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுட்ட பேப்பர் ஒன்றும் வேண்டும். நீங்கள் என்னென்ன அளந்து பிரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஒரு கேள்வி. நாற்பத்தைந்து மார்க் போதுமா, ஐம்பதே வேண்டுமா? டிராயிங்கில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் மைக்ரோமீட்டரைக் கையில் எடுப்பதில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

அன்வர் பாஷா


2 மே 2024

பாஷா அவர்களுக்கு,

இத்துடன் நான்கு பேப்பர். இரண்டு நான் சுட்டது, இரண்டு நீல் சுட்டது. நீல் எங்கள் கிளப் செயலாளர், மாட்டுப்பண்ணைக்காரர், பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். மேஜை மேல் வைத்துச் சுட்டார். போன வருஷம் ஆறாவதாக வந்தவருக்கு நாற்பத்தைந்து. ஆகவே நாற்பத்தைந்து, நாற்பத்தாறு போதும்.

நான் செய்வது: நூறு பித்தளைக் கூடு வாங்கினேன். ஒவ்வொன்றையும் எடை போட்டேன். கழுத்துத் தடிமனை நான்கு இடத்தில் அளந்தேன். நீளம், அடித்துளை எல்லாம் பார்த்தேன். அறுபத்தெட்டைத் தள்ளிவிட்டேன், முப்பத்திரண்டு மிஞ்சியது. குண்டுகளையும் எடை போட்டுப் பிரித்தேன். இருநூறில் எழுபது தேறியது. மருந்தைத் தராசில் மூன்று முறை நிறுக்கிறேன். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை ஒருநாளும் தாண்டியதில்லை. நான்கு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கராஜில் இதே வேலை. பரந்தாமன் "நீ சுடுறியா, நகை செய்றியா" என்று கேட்கிறார்.

நான்கு மாதத்தில் சுட்டது மொத்தம் நாற்பது தோட்டா. தேறிய தோட்டாவை வீணாக்க மனசு வரவில்லை.

கிளப்பில் எல்லோரும் என் தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். நீல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "அழகு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பேச்சு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

ராஜகுமாரி


27 மே 2024
பூந்தமல்லி

ராஜகுமாரி மேடம்,

பேப்பரைச் சாப்பாட்டு நேரத்தில் கிரானைட் மேஜையில் விரித்து ஒவ்வொரு ஓட்டைக்கும் மையம் எடுத்தேன். லேத் செக்‌ஷன் வேம்புலி வந்து தோள் மேல் எட்டிப்பார்த்தான். "இன்னா பாய், பேப்பர்ல ஓட்ட போட்டு அத்த வேற அளந்துகினு கீற? போலீஸ் கேஸா?" என்றான். நம்ம ராஜகுமாரி மேடம் சுட்டது என்றேன். பேப்பரை இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். அப்புறம், "நல்லவேள, நம்ம ஜாப்ப ரிஜெக்ட் பண்ணும்போது அவங்க கையில துப்பாக்கி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கணக்குக்கு வருகிறேன். நீல் சுட்ட இரண்டு பேப்பரிலும் பத்து ஓட்டையும் அறுபது மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. அது உங்கள் தோட்டாவின் சிதறல். நீங்கள் சுட்டது இருநூற்று ஒன்பது. இரண்டு பிழை சேரும்போது நேராகக் கூடாது, வர்க்கமாகித்தான் கூடும் என்பது உங்களுக்கே பாடம். அப்படிக் கழித்துப் பார்த்தால் உங்கள் பங்கு மட்டும் இருநூறு.

இப்போது நீங்கள் இன்னும் ஒரு வருஷம் கராஜில் உட்கார்ந்து தோட்டாவை அறுபதிலிருந்து நாற்பதுக்குக் கொண்டுவந்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இருநூற்று நாலு ஆகும். ஒரு வருஷ உழைப்புக்கு முந்நூறு கஜத்தில் ஐந்து மில்லிமீட்டர். உங்கள் வட்டம் நூற்று நாற்பது. அதற்கு அறுபது மில்லிமீட்டர் தோட்டா தாராளம். ஐம்பதுக்கு ஐம்பது அடிக்கிற ஆளுக்குத்தான் அதற்கு மேல் வேண்டும்.

மருந்து எடையில் மட்டும் ஒரு துளி சலுகை கிடையாது, அது உயிர் சமாச்சாரம். அதை மூன்று தடவை என்ன, முப்பது தடவை நிறுங்கள். நீளத்தையும் பாருங்கள். கூடு எடையையும் கழுத்துத் தடிமனையும் விட்டுவிடுங்கள். அளக்க முடிந்ததையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த வியாதி எனக்கும் உண்டு, கேஜ் ரூம்காரர்கள் எல்லோருக்கும் உண்டு.

இன்னொன்று. நீங்கள் சுட்ட இருபதில் ஏழு ஓட்டை நேர் கீழே இறங்கியிருக்கிறது. நீல் பேப்பரில் அப்படி ஒன்றுகூட இல்லை. விசையை இழுக்கும்போது நீங்கள் பயந்து கண்ணை மூடித் தோளை முன்னால் தள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோபப்படாதீர்கள்.

அன்வர் பாஷா


20 ஜூன் 2024

பாஷா,

கோபப்படாதீர்கள் என்று எழுதிவிட்டால் ஆயிற்றா?

நான் பயப்படுகிறேன் என்று பூந்தமல்லியில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரிகிறது? நீங்கள் வாழ்க்கையில் ஒரு தடவை துப்பாக்கியைத் தொட்டிருக்கிறீர்களா? காதருகே அது வெடிக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியுமா? வேலை செய்கிறவளைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது உங்களுக்குப் புதிது இல்லை. அன்றைக்கும் அதைத்தான் செய்தீர்கள். 'அளவு ஏழு மைக்ரான் கூடத்தான் போகட்டுமே, இன்ஜின் ஓடாதா என்ன' என்று நீங்களே முடிவு செய்தீர்கள். ஓடத்தான் செய்தது. ஒரு புகார் வரவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. தப்பாகப் போயிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

கணக்குச் சரிதான். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதற்காக நன்றி.

பழமொழி வேண்டாம்.

ராஜகுமாரி


21 ஜூலை 2024
பூந்தமல்லி

ராஜகுமாரி மேடம்,

நீங்கள் கேட்டது நியாயம். தொடாதவனுக்குப் பேச உரிமையில்லை.

ஆவடி பக்கத்தில் ஒரு ரைபிள் கிளப் இருக்கிறது. என் சகலை மூலமாக விசாரித்து, ஆதார் கொடுத்து, ஃபாரம் எழுதி, ஒரு வாரம் காத்திருந்து, போன ஞாயிற்றுக்கிழமை போனேன். குமணன்சாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறினேன். லத்தீஃபா, "இந்த வயசுல இன்னாத்துக்கு இது, யார்கூட சண்ட?" என்றாள். ஒரு மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.

பயிற்சி கொடுத்தது அகல்யா என்று ஒரு பெண். சின்னத் தோட்டா, ஐம்பது மீட்டர். உங்களுடையதில் கால்வாசி சத்தம்கூட இருக்காது. பாயில் படுக்கவைத்துத் தோளில் வாரைக் கட்டினார்கள். முதல் குண்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. அந்தப் பெண் என் பக்கத்தில் குனிந்து, "அங்கிள், சுடும்போது கண்ணைத் திறந்துகினே இருக்கணும்" என்றாள். திறந்துதான் இருந்தேன் என்றேன். அவள் போனில் எடுத்ததைக் காட்டினாள். இருபது குண்டில் இருபது தடவையும் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறேன் மேடம். எனக்கே தெரியவில்லை.

நீங்கள் அதைவிடப் பெரிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு இருபதில் பதின்மூன்று தடவை மூடாமல் இருந்திருக்கிறீர்கள். நான் உங்கள் பேப்பரில் அந்த ஏழைத்தான் பார்த்தேன், பதின்மூன்றைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பயம் என்று லேசாக எழுதிவிட்டேன். அது லேசான விஷயம் இல்லை. வலது தோள் இன்னும் வலிக்கிறது, லத்தீஃபா தைலம் தேய்க்கிறாள்.

ஆனால் கருத்தை மாற்றவில்லை. நீங்களும் மூடுகிறீர்கள்.

அன்வர் பாஷா


25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாஷாவுக்கு,

இந்த முறை தாளை மாற்றவில்லை.

உங்கள் கடிதத்தை நீலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் என் தோட்டாப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "நான் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன், சுடு" என்றார். நடுவில் மருந்தும் ப்ரைமரும் இல்லாத வெறும் டம்மி ஒன்றைச் சேர்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. விசையை இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவே இல்லை. ஆனால் என் தோள் முன்னால் பாய்ந்து துப்பாக்கி முனை மண்ணைப் பார்த்தது. பக்கத்தில் படுத்திருந்த நான்கு பேரும் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காகிதத்தை அளந்து இதைக் கண்டுபிடித்த ஆளை நினைத்தேன். எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல இன்ஸ்பெக்டர் நீங்கள்தான். 2019-க்கு முன்னாலும் அப்படித்தான் நினைத்திருந்தேன், உங்களிடம் சொன்னதில்லை.

தள்ளிவைத்த அறுபத்தெட்டுக் கூட்டையும் எடுத்துவிட்டேன். மருந்தை மட்டும் மூன்று முறை நிறுக்கிறேன், நீளம் பார்க்கிறேன், முடிந்தது. ஒரு சாயந்திரத்தில் நாற்பது தோட்டா தயாராகிறது. வாரத்துக்கு அறுபது சுடுகிறேன். தினமும் அரை மணி வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து விசை இழுக்கிறேன். நீல் எப்போது டம்மியைச் சேர்ப்பார் என்று சொல்வதில்லை. முதல் வாரம் பத்துக்கு ஆறு தடவை பாய்ந்தேன். போன வாரம் ஒரு தடவை.

நேற்று நாற்பத்துநாலு. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

ராஜகுமாரி


23 செப்டம்பர் 2024

அன்புள்ள பாஷாவுக்கு,

நேற்றுத் தேர்வு முடிந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காற்று இடப்பக்கமிருந்து. பதினோரு பேர் போட்டியிட்டோம். நான் பத்துக் குண்டும் கண்ணைத் திறந்துகொண்டே சுட்டேன். அதை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன். ஐந்து ஐந்துகள், ஐந்து நாலுகள். நாற்பத்தைந்து. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. எனக்கு முன்னால் ஐந்து பேர் நாற்பத்தாறுக்கு மேல். கடைசியாகச் சுட்டவர் மர்ரே, ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர், அவருக்கும் நாற்பத்தைந்து. சமமானால் கடைசிக் குண்டைப் பார்ப்பார்கள், அதில் நான்தான் முன்னால். ஆனால் அவருடைய ஒரு ஓட்டை ஐந்துக்கும் நாலுக்கும் நடுக்கோட்டில். அதை நாலு என்று போட்டிருந்தார்கள். கோட்டைத் தொட்டிருந்தால் ஐந்து. அப்போது அவருக்கு நாற்பத்தாறு, ஆறாவது இடம் அவருக்கு.

அவர் ஆட்சேபம் சொன்னார். சொல்ல அவருக்கு உரிமை உண்டு. குண்டின் அகலமே உள்ள கேஜை ஓட்டையில் செருகி, அதன் விளிம்பு கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாகப் பார்க்கிறவருக்குக் கண் ஆபரேஷன், வரவில்லை. நீல் பார்த்தார், முடிவு சொல்ல முடியவில்லை. இன்னொருவர் தொடவில்லை என்றார். அப்போது மர்ரேதான் சொன்னார், "ராஜி வாழ்நாள் முழுக்க இந்த வேலைதானே செய்தாள், அவளையே பார்க்கச் சொல்லுங்கள்" என்று. எனக்கு எதிராக இருப்பவரே சொன்னார்.

பிளக் கேஜைக் கையில் வாங்கினேன். எத்தனை ஆயிரம் தடவை செய்தது. காகிதம் கிழியாமல் நேராக இறக்கி, பூதக்கண்ணாடி வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திரும்பி நின்று பார்த்தேன். தொடவில்லை என்று நான் சொல்லியிருந்தால் ஒருத்தரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒருவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

தொட்டிருந்தது, பாஷா. முடி அளவு. ஆனால் தொட்டிருந்தது.

ஐந்து என்று சொல்லி, தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது ஆள் நான். மர்ரே கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. காருக்குள் போய் அழுதேன். பரந்தாமன் வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் உங்கள் நேரத்தையும் வீணாக்கிவிட்டேன்.

ராஜகுமாரி


15 அக்டோபர் 2024
பூந்தமல்லி

அன்புள்ள ராஜகுமாரி மேடம்,

உங்கள் கடிதத்தை எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே படித்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன். அப்புறம் கேஜ் ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உங்களைக் கேட்காமல் செய்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேம்புலி மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அந்தம்மா நம்மள ரிஜெக்ட் பண்ணப்பல்லாம் திட்னேனே" என்றான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உங்கள் பெயரை எழுதி வைத்துக்கொண்டார்கள்.

என் நேரம் வீணாகவில்லை. முப்பத்தாறிலிருந்து நாற்பத்தைந்துக்கு நீங்கள் வந்தது உங்கள் உழைப்பு. அடுத்த வருஷம் போவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது சொல்லப்போவது வேறு.

2019-ல் அந்த வால்வு கைடு லாட்டை நீங்கள் லீவில் இருந்த மத்தியானம் அனுப்பினேன். லாரி நின்றுகொண்டிருக்கிறது, அவசரம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். லாரி மறுநாள் காலையில்தான் வந்தது. உங்கள் மேஜைக்கு நான் அந்த டிராயிங்கைக் கொண்டுவந்திருக்கலாம். இந்த ஏழு மைக்ரான் எங்கே உட்காருகிறது, அதனால் ஏன் பாதகமில்லை என்று உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. நீங்கள் பிடிவாதக்காரர், எப்படியும் முடியாது என்றுதான் சொல்வீர்கள் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். உங்களோடு இருபத்தைந்து வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்தும் எனக்கு உங்களைத் தெரிந்திருக்கவில்லை. தொட்டிருந்தால் தொட்டிருக்கிறது என்று, தனக்கே நஷ்டமானாலும், சொல்கிறவர் நீங்கள். நான் காட்டியிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தக் கையெழுத்தை நான் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

லாட் சரியாக இருந்தது. நான் செய்தது தப்பு. ஐந்து வருஷம் முதல் பாதியைச் சொல்லியே இரண்டாவது பாதியை மறைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மேலாளரிடம் போய் அந்தப் பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை ஃபைலிலிருந்து எடுக்கச் சொன்னேன். எதற்கு என்றார். உங்கள் பெயரை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் என் பெயரையும் நேற்றைய தேதியையும் போட்டு, 'ராஜகுமாரி இதை ஏற்கவில்லை, அவரைக் கேட்காமல் நான் அனுப்பினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஃபைலை மூடி அலமாரியில் வைத்தார். அதன் நகல் ஒன்றை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

அன்வர் பாஷா